ரீபாக் என்ற மானும் பழைய ஆங்கிலச் சொற்களும்

ரீபாக் என்றால் நமக்கு ஷூதான் நினைவுக்கு வரும். கடைப் பலகையிலும் கிரிக்கெட் மட்டையிலும் பார்த்துப் பழகிய பெயர். ஆனால் முதலில் அது தென்னாப்பிரிக்காவின் மலைச்சரிவுப் புல்வெளிகளில் வாழும் ஒரு விலங்கின் பெயர். இந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலம் எப்படி இருந்தது, சொற்களின் பொருள் ஏன் மாறுகிறது, மாறிய பிறகு பழைய பொருள் எங்கே போய்த் தங்குகிறது என்று நிறைய தெரிந்துகொள்ளலாம். இதற்கு மொழியியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஷூ விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஃபாஸ்டர் என்ற குடும்பம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஓட்டப் பந்தயக் காலணிகள் செய்துவந்தது. அந்தக் குடும்பத்தின் பேரன்கள் ஜோ, ஜெஃப் இருவரும் 1958-இல் தனியாகத் தொழில் தொடங்கினார்கள். ஜோ சிறுவனாக இருந்தபோது ஓட்டப் பந்தயம் ஒன்றில் ஓர் அகராதியைப் பரிசாக வாங்கியிருந்தார். நிறுவனத்துக்குப் பெயர் தேடியபோது அந்த அகராதியில் கண்ணில் பட்ட சொல்தான் ரீபாக். வேகமாக ஓடும் விலங்கு, ஓட்டக் காலணிக்குப் பொருத்தம் என்று வைத்துவிட்டார்கள். பெயரின் கதை அதற்கும் வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது.

சரி, அந்த விலங்கு எப்படி இருக்கும்? 20 முதல் 30 கிலோ எடை. முயலின் ரோமம் போல மெத்தென்ற சாம்பல் நிற உடம்பு, நீண்ட மெல்லிய கழுத்து, நிமிர்ந்த காதுகள். ஆணுக்கு மட்டும் ஊசி போல நேராக நிற்கும் இரண்டு கொம்புகள். பயந்து ஓடும்போது வாலைத் தூக்கி அடியிலுள்ள வெள்ளையைக் காட்டிக்கொண்டே ஓடும். நாம் பார்த்தால் மான் என்றுதான் சொல்வோம். விலங்கியல் இதை மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஆன்டிலோப்' எனப்படும் இரலை இது. மானின் கொம்பு கிளை விடும், ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். இரலையின் கொம்பு கிளை விடாது, விழாது, ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். இரலைகள் மாடு, ஆடு இவற்றின் உறவினர்கள். சென்னை கிண்டிப் பூங்காவில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்: புள்ளிமான் உண்மையான மான், முறுக்குக் கொம்புள்ள வெளிமான் இரலை.

இப்போது பெயரைப் பிரிப்போம். 'ரீ' ஒரு சொல், 'போக்' ஒரு சொல். இரண்டும் டச்சு மொழி. 'போக்' என்றால் கிடா, அதாவது ஆண் ஆடு அல்லது ஆண் மான். 'ரீ' என்பது ஐரோப்பியக் காடுகளில் வாழும் ஒரு சிறிய மானின் பெயர். டச்சுக்காரர்கள் அதை 'ரே' என்று உச்சரிப்பார்கள். ஆங்கிலத்தில் அதே மானுக்கு 'ரோ' என்று பெயர், ஜெர்மனில் 'ரே'. ஆங்கிலத்தில் 'ரோபக்' என்று ஒரு சொல் உண்டு, ஆண் ரோ மான் என்று பொருள். ஆக ரீபாக்கும் ரோபக்கும் ஒரே சொல். ஒன்று டச்சு வீட்டில் வளர்ந்தது, மற்றது ஆங்கில வீட்டில் வளர்ந்தது.

டச்சும் ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. தமிழில் 'பால்' என்பதைக் கன்னடத்தில் 'ஹாலு' என்பது போல, இந்த மொழிகளிலும் சொற்கள் சற்றே உருமாறி எதிரெதிரே நிற்கும். 5ஆம் நூற்றாண்டில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் என்ற இனத்தார் கடல் கடந்து பிரிட்டனில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த பேச்சுதான் பழைய ஆங்கிலம். ஏறத்தாழ 450 முதல் 1100 வரை அதன் காலம். இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஆங்கிலத்தைப் பலர் பழைய ஆங்கிலம் என்று நினைக்கிறார்கள். அவர் 1600-ஐ ஒட்டி எழுதியவர், அவருடையது தொடக்ககால நவீன ஆங்கிலம். உண்மையான பழைய ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலேயர் ஒருவரிடம் கொடுத்தால், தனியாகப் படிக்காமல் ஒரு வரிகூடப் புரியாது.

அந்தப் பழைய ஆங்கிலத்தில் ரோ மானின் பெயர் 'ராஹா', பிறகு 'ரா'. இதற்கு அருமையான ஒரு சான்று இருக்கிறது. நார்விச் நகருக்கு அருகே கைஸ்டர் என்ற ஊரில் ஆங்கிலோ சாக்சன் இடுகாடு ஒன்றைத் தோண்டியபோது, சாம்பல் தாழி ஒன்றில் சிறு எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலானவை ஆட்டின் கணுக்கால் எலும்புகள். விளையாட்டுக் காய்களாகப் பயன்பட்டிருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஒன்று மட்டும் ரோ மானின் கணுக்கால் எலும்பு. அதன் மேல் பழைய ஜெர்மானிய இனத்தார் பயன்படுத்திய ரூன் எழுத்துகள் ஆறு கீறப்பட்டிருந்தன. படித்தால் 'ராய்ஹன்' என்று வருகிறது. ரோ மான் என்பதுதான் அதன் பொருள் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த எலும்பு, இங்கிலாந்தில் கிடைத்த மிகப் பழைய ரூன் பொறிப்புகளில் ஒன்று. எந்த விலங்கின் எலும்போ அதன் பெயரையே யாரோ அதில் கீறி வைத்திருக்கிறார்கள். சொல்லாராய்ச்சியில் இவ்வளவு நேரான சான்று கிடைப்பது அபூர்வம். ஷூ டப்பாவில் நாம் படிக்கும் பெயரின் முதல் பாதி அந்த எலும்பில் இருக்கிறது.

ஐரோப்பியக் காட்டு மானின் பெயர் தென்னாப்பிரிக்க இரலைக்கு எப்படி வந்தது? 1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் ஒரு நிலையம் அமைத்தது. இந்தியாவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் போகும் கப்பல்கள் நின்று தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிக்கொள்ளும் இடம். யான் வான் ரீபெக் என்பவர் தலைமையில் வந்து இறங்கியவர்கள் அதுவரை பார்த்திராத விலங்குகளை அங்கே பார்த்தார்கள். புது விலங்குக்குப் புதுப் பெயர் யோசிப்பதைவிட, ஊரில் பார்த்த விலங்கின் பெயரை வைப்பது எளிது. சிறிதாக, மெலிதாக, நேர்க்கொம்புடன் ஒன்று தெரிந்தது. ரோ மான் மாதிரி இருக்கிறதே, சரி, ரீபாக். பின்னாளில் அறிவியல் பெயர் வைத்தவர்களும் இதே தடத்தில் போனார்கள். இந்த இரலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கப்ரியோலஸ்' என்ற சொல் லத்தீனில் ரோ மானைத்தான் குறிக்கிறது.

ஈலண்ட் என்ற இரலையின் கதையும் இதுதான். டச்சு மொழியில் ஈலண்ட் என்றால் வட ஐரோப்பாவின் பனிக்காடுகளில் வாழும் மிகப் பெரிய மான். ஆப்பிரிக்காவில் மிகப் பெரிய இரலையைப் பார்த்ததும் அந்தப் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள். ஹார்ட்டபீஸ்ட் என்ற நீண்ட முகமுள்ள இரலை இன்னும் வேடிக்கையானது. டச்சு 'ஹெர்ட்' என்றால் கொம்புள்ள ஆண் செம்மான், 'பேஸ்ட்' என்றால் விலங்கு. அதன் அறிவியல் பெயர் அல்செலாஃபஸ் புசெலாஃபஸ். முதல் பாதியைப் பிரித்தால் ஈலண்ட்-மான், இரண்டாம் பாதியைப் பிரித்தால் மாட்டு-மான். ஒரே விலங்கின் பெயரில் மூன்று முறை மான் வந்துவிட்டது, ஆனால் அது மான் கிடையாது.

ஹார்ட்டபீஸ்டின் முதல் பாதிக்குச் சமமான ஆங்கிலச் சொல் 'ஹார்ட்'. இதயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஒலி மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஹெயோரொட்'. பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் அரசனின் பெரிய மண்டபத்துக்கு ஹெயோரொட் என்றுதான் பெயர். இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது, ஆண் மான்கள் ஆற்றைக் கடக்கும் துறை என்று பொருள். இன்றைய பேச்சில் இந்தச் சொல் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது, ஊர்ப் பெயர்களில் நிலைத்துவிட்டது.

இந்த ஹெயோரொட் நமக்கு ஒரு முக்கியமான விதியைக் கற்றுத்தருகிறது. லத்தீனில் மானுக்கு 'கெர்வுஸ்' என்று பெயர். கெர்வுஸ், ஹெயோரொட் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உறவே தெரியாது. இன்னும் சில ஜோடிகளைச் சேர்த்துப் பாருங்கள். லத்தீனில் கொம்பு 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. லத்தீனில் நாய் 'கானிஸ்', ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்'. லத்தீனில் நூறு 'கென்டும்', ஆங்கிலத்தில் 'ஹண்ட்ரட்'. எங்கெல்லாம் லத்தீனில் ககரம் தொடக்கத்தில் வருகிறதோ அங்கெல்லாம் ஆங்கிலப் பக்கத்தில் ஹகரம் நிற்கிறது. மேலே சொன்ன பாலும் ஹாலும் நினைவிருக்கிறதா? தமிழில் பகரம் வருமிடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருவதும் இதைப் போன்ற ஒழுங்குதான்: பல் என்றால் ஹல்லு, புலி என்றால் ஹுலி. ஐரோப்பிய மொழிகளின் இந்த ஒழுங்கை டென்மார்க்கைச் சேர்ந்த ரஸ்முஸ் ராஸ்க் 1818-இல் எடுத்துக்காட்டினார், ஜெர்மானியரான யாக்கோப் கிரிம் 1822-இல் விதியாக வகுத்தார். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் இவர். கெர்வுஸ், ஹெயோரொட், கோர்னு, ஹார்ன் நான்கும் கொம்பு, தலை என்ற பொருளுள்ள ஒரே மூலத்திலிருந்து வந்தவை. 'கொம்புள்ளது' என்பதே அந்த மானுக்குப் பெயராகிவிட்டது.

ரோ மானுக்கு ஒரு பெயர், கொம்புள்ள ஆண் செம்மானுக்கு ஒரு பெயர். அப்படியானால் ஆங்கிலத்தில் மானுக்குப் பொதுப்பெயராக இருக்கும் 'டீர்' எங்கிருந்து வந்தது? எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த சொல் இதுதான்.

பழைய ஆங்கிலத்தில் 'டேயோர்' என்றால் விலங்கு, குறிப்பாகக் காட்டு விலங்கு. மான் மட்டுமில்லை, ஓநாயும் டேயோர், கரடியும் டேயோர். 9ஆம் நூற்றாண்டில் ஓட்டர் என்ற நார்வே நாட்டு வணிகர் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் அரசரிடம் தன் நாட்டைப் பற்றிச் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார்கள். தன்னிடம் விற்காத 600 வளர்ப்பு 'டேயோர்' இருப்பதாகச் சொல்கிறார். அடுத்த வாக்கியம், 'அந்த டேயோர்களை அவர்கள் ஹ்ரான் என்று அழைக்கிறார்கள்' என்று வருகிறது. ஹ்ரான் என்பது பனிமான். எந்த விலங்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், ஏனென்றால் டேயோர் என்ற சொல் பொதுவானது.

1066-இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். ஆட்சியாளர்களின் பேச்சு பிரெஞ்சு ஆனது. 'பீஸ்ட்' என்ற பிரெஞ்சுச் சொல் உள்ளே வந்தது. வெகு காலம் கழித்து லத்தீனிலிருந்து 'அனிமல்' வந்து பரவியது. பெரிய வீடு முழுக்கத் தனியாக இருந்தவர், விருந்தாளிகள் வந்து வந்து தங்க, கடைசியில் ஓர் அறையோடு ஒதுங்கிக்கொள்வது போல, டேயோரும் சுருங்கியது. ஆனால் ஏன் அந்த அறை மானுடைய அறையாக இருக்க வேண்டும்? ஓநாயாகவோ கரடியாகவோ ஏன் சுருங்கவில்லை?

அதற்கு விடை வேட்டையில் இருக்கிறது. வில்லியம் பெரும் காடுகளைத் தன் வேட்டைக்கென்று ஒதுக்கிக் கடுமையான சட்டம் போட்டார். 1087-இல் அவர் இறந்தபின் ஆங்கிலோ சாக்சன் குறிப்பேட்டில் எழுதிய துறவி, அந்தச் சட்டத்தை மனக்கசப்போடு பதிவு செய்கிறார். ஹெயோரொட்டையோ பெண் மானையோ கொன்றவனின் கண்ணைக் குருடாக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்து அவர் எழுதுகிறார்: உயர்ந்த டேயோர்களுக்குத் தானே தகப்பன் என்பது போல அரசன் அவற்றை நேசித்தான். அங்கே 'ஹேயாடேயோர்' என்ற சொல் வருகிறது, 'ஹேயா' என்றால் உயர்ந்த. வேட்டையில் மேலான விலங்கு, அதாவது பெரிய ஆண் மான். டேயோர் என்றால் வேட்டை விலங்கு, வேட்டை விலங்கு என்றால் மான் என்ற எண்ணம் எப்படி ஊறியது என்பதை இந்த ஒரு வரியிலேயே உணரலாம். அரசனின் விலங்கு எதுவோ அதுவே விலங்கு ஆகிவிட்டது. கண்ணை இழந்த ஏழைக்கும் அந்தச் சொல் மறந்திருக்காது.

பொருள் சுருங்குவது ஒரே நாளில் நடக்காது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கிங் லியர் நாடகத்தில்கூட எலிகளைச் 'சின்ன டீர்' என்று சொல்லும் ஒரு வரி இருக்கிறது. பழைய பொருள் இன்னும் சில இடங்களில் பத்திரமாக இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'டீர்' என்றால் விலங்குதான். பெர்லின் நகரின் நடுவிலுள்ள பெரிய பூங்காவின் பெயர் டீர்கார்ட்டன், விலங்குத் தோட்டம். டச்சில் விலங்குக் காட்சிசாலைக்கு 'டீரன்டவுன்' என்று பெயர், அதுவும் விலங்குத் தோட்டம்தான். ஆங்கிலத்துக்குள்ளேயே 'வில்டர்னஸ்' என்ற சொல்லைப் பிரித்தால் நடுவில் டேயோர் உட்கார்ந்திருக்கிறது: காட்டு விலங்குகள் உள்ள இடம்.

நம் பக்கத்திலும் இதே விலங்கு, இதே மான். சமஸ்கிருதத்தில் 'மிருக' என்ற சொல் மிகப் பழைய காலத்தில் காட்டு விலங்கைக் குறித்தது, பிறகு மானைச் சிறப்பாகக் குறிக்கத் தொடங்கியது. இந்தியில் இன்று 'மிருக்' என்றால் மான். தமிழில் நாம் மிருகம் என்றால் பொதுவாக விலங்கு என்றே வைத்துக்கொண்டோம், ஆனால் மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரில் மான் தலை இருக்கிறது. ஐரோப்பாவில் ஜெர்மன் பொதுப்பொருளைக் காத்தது, ஆங்கிலம் மானைப் பிடித்துக்கொண்டது. இங்கே தமிழ் பொதுப்பொருளைக் காத்தது, இந்தி மானைப் பிடித்துக்கொண்டது. இரண்டு இடங்களிலும் யாரும் யாரைப் பார்த்தும் செய்யவில்லை. வேட்டையாடிய சமூகங்களில் அந்தச் சொல் இயல்பாகப் போகும் வழி அது.

பொருள் சுருங்குவதைப் போல விரிவதும் உண்டு. தமிழில் எண்ணெய் என்ற சொல்லைப் பிரித்தால் எள்ளும் நெய்யும் வரும். எள்ளிலிருந்து எடுத்ததுதான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எதற்கும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் சுருங்குதலும் விரிதலும் எதிரெதிர்த் திசையில் நடந்து, இரண்டு சொற்கள் இடம் மாறிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பறவைக்கும் பொதுப்பெயர் 'ஃபுகொல்'. 'பிரிட்' என்றால் பறவைக் குஞ்சு. இன்று ஃபுகொல் 'ஃபவுல்' ஆகிப் பெரும்பாலும் கோழி, வாத்துக்குள் அடங்கிவிட்டது. குஞ்சு என்று பொருள்பட்ட பிரிட் 'பேர்ட்' ஆகி வானத்துப் பறவை அத்தனைக்கும் பெயராகிவிட்டது. நாய்க்கும் இதே கதை. 'ஹுண்ட்' என்றால் எந்த நாயும், இன்று 'ஹவுண்ட்' என்றால் வேட்டை நாய் மட்டும். 'டாக்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் மிக அபூர்வமாகத் தலைகாட்டி, பின்பு எல்லா நாய்களையும் தன் பெயரால் அழைக்க வைத்துவிட்டது. இவ்வளவு சாதாரணச் சொல், அதன் மூலம் என்னவென்று அறிஞர்களால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

'மீட்' என்ற சொல்லும் பலரைக் குழப்பும். பழைய ஆங்கிலத்தில் 'மெட்டெ' என்றால் உணவு, எந்த உணவும். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், பச்சைப் பூண்டுகளை எல்லாம் உயிர்களுக்கு 'மீட்' ஆகக் கொடுத்தேன் என்று கடவுள் சொல்வதாக ஆதியாகமத்தில் வரும். இறைச்சி என்று வைத்துக்கொண்டால் அந்த வசனம் புரியவே புரியாது. இந்தியாவில் இனிப்புக் கடையை இன்றும் சிலர் 'ஸ்வீட்மீட்' கடை என்று எழுதுவார்கள். லட்டில் ஏது இறைச்சி? அந்த 'மீட்' பழைய மீட். 'ஸ்டார்வ்' என்றால் இன்று பட்டினி கிடப்பது, பழைய ஆங்கிலத்தில் எந்த வகையில் செத்தாலும் அதே சொல்தான். ஜெர்மன் மொழியில் அதன் உறவான 'ஷ்டெர்பன்' இன்றும் சாவதைத்தான் குறிக்கிறது. 'வைஃப்' என்பதும் ஒரு காலத்தில் மனைவி அல்ல, பெண். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியை 'மிட்வைஃப்' என்கிறார்களே, அதில் 'மிட்' என்றால் கூட, உடன். பெண்ணோடு உடன் இருப்பவள். அவள் யாருக்கும் மனைவியாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகை மாற்றத்தில் பொருள் மட்டுமல்ல, சொல்லின் உருவமே தேய்ந்துபோகும். இரண்டு சொற்களைச் சேர்த்துச் செய்த கூட்டுச்சொல் நாளடைவில் ஒட்டிப்போய், பிரிக்கும் இடம் தெரியாமல் ஆகிவிடும். மூக்குத் துவாரத்துக்கு 'நாஸ்ட்ரில்'. பழைய ஆங்கிலத்தில் 'நோஸ்திர்ல்', நோஸ் என்றால் மூக்கு, திர்ல் என்றால் ஓட்டை. அந்தத் திர்ல் தனியாக வாழ்ந்து, துளைப்பது என்ற வினையாகி, பிறகு மனதைத் துளைக்கும் உணர்ச்சியாகி, இன்றைய 'த்ரில்' ஆகியிருக்கிறது. 'டெய்சி' என்ற பூ 'டேயஸ் ஏயாகெ', பகலின் கண். இரவில் இதழை மூடிக் காலையில் திறக்கும் பூ அது. களஞ்சியத்துக்குச் சொல்லும் 'பார்ன்' பிரித்தால் வாற்கோதுமை வீடு.

இவற்றில் அழகானது லார்டும் லேடியும். பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு 'ஹ்லாஃப்' என்று பெயர், இன்றைய 'லோஃப்'. காவலனுக்கு 'வெயார்ட்'. இரண்டும் சேர்ந்து 'ஹ்லாஃப்வெயார்ட்', ரொட்டியைக் காப்பவன். அது தேய்ந்து 'ஹ்லாஃபோர்ட்' ஆகி, இன்னும் தேய்ந்து 'லார்ட்' ஆனது. 'லேடி'யின் பழைய வடிவம் 'ஹ்லாஃப்டியெ'. பின்பாதி மாவு பிசைவதைக் குறிக்கும் மூலத்திலிருந்து வந்தது, இன்று பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' அதன் உறவு. ரொட்டிக்கு மாவு பிசைபவள்தான் லேடி. பெரிய வீட்டின் வேலையாளுக்கு அந்தக் காலத்தில் 'ரொட்டி உண்பவன்' என்ற பொருளில் ஒரு சொல்லும் இருந்தது. காப்பவன், பிசைபவள், உண்பவன் என்று ஒரு வீட்டின் முழு அமைப்பையும் ரொட்டியை வைத்தே சொல்லியிருக்கிறார்கள். யாரிடம் தானியம் இருக்கிறதோ அவனிடம் அதிகாரம் இருந்த உலகம் அது. இன்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் பெயரிலும் அந்த ரொட்டி இருக்கிறது.

புதிதாக இதில் இறங்குபவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இரண்டு சொற்களை உறவாக்கிவிடக் கூடாது. 'ஆன்டிலோப்' என்ற ஆங்கிலச் சொல்லில் எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' இல்லை. அது கிரேக்கத்தில் 'அந்தொலோப்ஸ்' என்ற, யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் வாழ்வதாகச் சொல்லப்பட்ட ஒரு கற்பனை விலங்கு. ரம்பம் போன்ற கொம்பால் மரத்தை அறுக்கும், கடைசியில் புதரில் கொம்பு சிக்கி வேடனிடம் மாட்டிக்கொள்ளும் என்று கதை. 17ஆம் நூற்றாண்டில்தான் அந்தப் பெயரை உண்மையான இரலைகளுக்கு வைத்தார்கள். அதே மாதிரி, பழைய பொருள் தெரிந்துவிட்டது என்பதால் அதுதான் 'சரியான' பொருள் என்று வாதாடுவதும் தவறு. மண்ணெண்ணெயில் எள் எங்கே என்று யாரும் கடைக்காரரிடம் சண்டை போடுவதில்லை. சொல்லின் வரலாறு வேறு, இன்றைய பொருள் வேறு. ஓர் உறவைச் சொல்ல வேண்டுமானால் உடன்பிறந்த மொழிகளில் அதன் வடிவம் என்ன, ஒலிமாற்றம் ஒழுங்காக நடந்திருக்கிறதா, மிகப் பழைய எழுத்துச் சான்றில் என்ன பொருளில் வருகிறது, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

இந்த அளவு தெரிந்தாலே தென்னாப்பிரிக்க வனப் பூங்காவின் அறிவிப்புப் பலகையைப் பாதி படித்துவிடலாம். ஸ்ப்ரிங்போக் என்றால் துள்ளும் கிடா, 'ஸ்ப்ரிங்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பம். அந்த நாட்டு ரக்பி அணிக்கு இதுதான் பெயர். ஸ்டீன்போக் கல் கிடா, 'ஸ்டோன்' நினைவுக்கு வரவேண்டும். வில்டபீஸ்ட் காட்டு விலங்கு. கிளிப்ஸ்பிரிங்கர் பாறை தாவி, அதன் குளம்பின் நுனி மட்டும்தான் பாறையைத் தொடும். டைக்கர் என்ற குட்டி இரலையின் பெயருக்கு மூழ்குபவன் என்று பொருள், ஆளைக் கண்டதும் புதருக்குள் தலையை விட்டு மறைந்துவிடுவதால் வந்த பெயர். ஆங்கிலத்தில் வாத்தைக் குறிக்கும் 'டக்' என்ற சொல்லுக்கும் மூழ்குபவன் என்பதே பொருள், டைக்கரும் டக்கும் உறவுச் சொற்கள்.

பலகையின் மறுபாதிக்கு இந்த வழி உதவாது. இம்பாலா சூலு மொழிச் சொல். வில்டபீஸ்டுக்கே 'நூ' என்று இன்னொரு பெயர் உண்டு, அது அந்த மண்ணின் பழங்குடிகளான கோய்சான் மக்களின் பேச்சிலிருந்து வந்தது. டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோது அந்த விலங்குகளுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அவற்றின் பொருளை அறிய பழைய ஆங்கில அகராதியை மூடிவிட்டு, சூலு மொழியும் நாமா மொழியும் தெரிந்தவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.